பிறப்பிலேயே பாவியா? இறையியல் மாநாடுகளும் சாதியின் கேள்வியும்

1981 ஏப்ரலில் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் கேரி சங்கக் கூட்டத்தில் அரவிந்த் பி. நிர்மல் ஓர் உரை நிகழ்த்தினார். ‘சூத்திர இறையியலை நோக்கி’ என்பது அதன் தலைப்பு. இந்தியக் கிறித்தவர்களில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் ‘இந்தியக் கிறித்தவ இறையியல்’ என்ற பெயரில் அதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி பிராமண மெய்யியல் மரபுகளோடு உரையாடுவதையே தன் பணியாகக் கொண்டிருந்தது. பிரம்மபாந்தவ் உபாத்யாய் ‘சச்சிதானந்தம்’ என்னும் கருத்தைக் கொண்டு மூவொரு கடவுளை விளக்கினார். ஏ. ஜே. அப்பாசாமி இராமானுசரின் விசிட்டாத்துவைதத்தையும் பக்தி மரபையும் துணையாகக் கொண்டார். இந்த உரையாடல்களில் சேரியில் ஞானஸ்நானம் பெற்றவரின் வாழ்வு எங்கே இருக்கிறது என்று நிர்மல் கேட்டார்.

அவர் முதலில் கையாண்ட ‘சூத்திர’ என்னும் சொல்லின் இடத்தில் விரைவிலேயே ‘தலித்’ என்னும் சொல் அமர்ந்தது. பின்னர் சென்னை குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கெனத் தனித்துறை உருவானபோது அதற்கு நிர்மலே பொறுப்பேற்றார். இன்று உலகெங்கும் பாடத்திட்டங்களில் இடம்பெறும் ஒரு சிந்தனை மரபின் தொடக்கம், கல்லூரிக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட ஓர் உரை.

இறையியல், விவிலிய ஆய்வு, சமய மெய்யியல் ஆகிய மூன்று துறைகளும் ஒரே கூரையின்கீழ் கூடும் மாநாடுகளை நாம் ஏன் பொருட்படுத்த வேண்டும் என்பதற்கு இதுவே முதல் விடை. கேள்விகளுக்கு ‘ஆய்வுக்குரியது’ என்னும் தகுதி கிடைக்கும் இடம் அது. சாதி அங்கே ஒரு கேள்வியாக எழும்பாவிட்டால், பாடநூல்களிலும் போதகர் பயிற்சியிலும் ஞாயிறு மறையுரையிலும் அது எழும்புவது மிகக் கடினம்.

மூன்று துறைகள், மூன்று கேள்விகள்

இம்மூன்று துறைகளையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. அவற்றின் கேள்விகள் வேறு. விடை தேடும் முறைகளும் வேறு.

விவிலிய ஆய்வு பனுவலிலிருந்து தொடங்குகிறது. ஒரு நூல் எப்போது, யாரால், யாருக்காக எழுதப்பட்டது. எபிரேய, கிரேக்க மூலம் என்ன சொல்கிறது. படிகளுக்கிடையே உள்ள வேறுபாடுகள் யாவை என்று ஆராய்கிறது. இதற்கு நம்பிக்கை முன்நிபந்தனை ஆகாது. யூதரும் கிறித்தவரும் சமய நம்பிக்கையற்றவரும் இத்துறையில் பணியாற்றுகின்றனர்.

இறையியல் ஒரு நம்பிக்கைச் சமூகத்தின் உள்ளிருந்து பேசுகிறது. கடவுள், பாவம், மீட்பு, திருச்சபை ஆகியவற்றைப் பற்றி அச்சமூகம் இன்று என்ன சொல்ல வேண்டும், எப்படி வாழ வேண்டும் என்பது அதன் கேள்வி.

சமய மெய்யியல் எந்த நம்பிக்கையையும் காரண அறிவின் முன் நிறுத்தி விசாரிக்கிறது. கடவுள் உண்டென்பதற்குச் சான்று என்ன, எல்லாம் வல்லவரும் நல்லவருமான ஒரு கடவுள் இருந்தால் உலகில் இத்தனை துன்பம் ஏன், ஒரு சமயம் அறநெறிப்படி ஏற்கத்தக்கதா என்பன அதன் கேள்விகள்.

இந்தப் பிரிவினை பயனற்றதன்று. ஆனால் அதனால் ஓர் இழப்பும் உண்டு. சாதியைப் பற்றிக் கேட்டால், ‘விவிலியத்தில் சாதி இல்லை’ என்று பனுவல் ஆய்வாளர் ஒதுங்கிவிடலாம். ‘அது சமூகவியல் சிக்கல்’ என்று இறையியலாளர் கைகாட்டலாம். ‘தீமை’ என்பதைப் பொதுவான அளவைச் சிக்கலாக மட்டும் காணும் மெய்யியலாளருக்குத் தீண்டாமையின் பெயரைச் சொல்லவே தேவை எழாமற்போகலாம். மூன்று துறைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் சாதி ஒளிந்துகொள்கிறது.

இந்தியாவில் இந்த இடைவெளி நிறுவன வடிவிலேயே அமைந்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறித்தவ ஆய்வுத்துறை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர்த்தால், கிறித்தவ இறையியல் பெரும்பாலும் திருச்சபைகள் நடத்தும் கல்லூரிகளில் செராம்பூர் பட்டங்களுக்காகக் கற்பிக்கப்படுகிறது. மெய்யியல் அரசுப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. சாதி பற்றிய களஆய்வு சமூகவியல் துறையில் இருக்கிறது. மூவரும் சந்திக்கும் வாய்ப்பு மாநாட்டில்தான் அமைகிறது.

மாநாடு எப்படி இயங்குகிறது?

இவ்வகைக் கூடுகைகளுள் மிகப் பெரியது அமெரிக்காவில் ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் இணைக் கூட்டம். 1880இல் தொடங்கிய விவிலிய இலக்கியக் கழகமும், 1909இல் விவிலிய ஆசிரியர்களின் சங்கமாகத் தோன்றி 1960களில் இன்றைய பெயரைப் பெற்ற அமெரிக்கச் சமயவியல் கழகமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. 2008 முதல் 2010 வரை இரண்டும் பிரிந்து தனித்தனியே கூடின. 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் மீண்டும் இணைந்தன. பல ஆயிரம் பேர் கூடும் அந்நாள்களில் நூற்றுக்கணக்கான அமர்வுகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு அறைகளில் நடக்கின்றன.

வெளியிலிருந்து பார்ப்போர்க்கு மாநாடு என்பது மேடையும் உரையும்தான். அதன் உண்மையான அதிகாரம் பல மாதங்களுக்கு முன்பே செயல்படத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குழு இருக்கும். அக்குழு ‘இவ்வாண்டு இன்னின்ன தலைப்புகளில் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன’ என்று அழைப்பு விடுக்கும். ஆய்வாளர்கள் கட்டுரைச் சுருக்கங்களை அனுப்புவர். குழு அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும். படிக்கப்பட்ட கட்டுரைகளுள் சில ஆய்விதழ்களுக்கும் தொகுப்பு நூல்களுக்கும் செல்லும். அந்நூல்கள் பாடத்திட்டத்தில் சேரும். மாநாட்டு அறைகளுக்கு வெளியே ஆசிரியப் பணிக்கான நேர்காணல்களும் பதிப்பகங்களுடனான பேச்சும் நடக்கும்.

ஆகவே, அழைப்பில் எந்தத் தலைப்பு இடம்பெறுகிறது என்பது சிறிய செய்தியன்று. தலைப்பை வகுப்பவரே எது அறிவு என்பதையும் வகுக்கிறார்.

இதை மாற்றுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு விவிலிய இலக்கியக் கழகத்தின் வரலாறே சான்று. அதன் முதல் பெண் தலைவராக எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா 1987இல்தான் வந்தார். தொடங்கி 107 ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் தலைமையுரையில் அவர், ஒரு பனுவலுக்கு நாம் தரும் விளக்கம் மனிதர் வாழ்வில் என்ன விளைவை ஏற்படுத்துகிறது என்பதற்கும் ஆய்வாளரே பொறுப்பு என்று வாதிட்டார். முதல் கறுப்பினத் தலைவரான வின்சென்ட் விம்புஷ் 2010இல் அப்பொறுப்பில் இருந்தார். 130 ஆண்டுகளுக்குப் பிறகு! அடிமைத்தனத்தை நியாயப்படுத்த விவிலியத்தை விரிவாகப் பயன்படுத்திய ஒரு நாட்டில், அதற்கு ஆளான மக்களிலிருந்து வந்த ஒருவர் அத்துறையின் தலைமையுரையை ஆற்ற இத்தனை காலம் ஆயிற்று.

ஒரு பகுதி, மூன்று வாசிப்புகள்

மூன்று துறைகளும் ஒரே மேசையில் அமர்ந்தால் என்ன நிகழும்? ஒரு சான்றைக் கொண்டு பார்க்கலாம்.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் வருகிறார். அவரைக் கண்ட சீடர்கள் இயேசுவிடம், இவர் இப்படிப் பிறந்ததற்கு யாருடைய பாவம் காரணம், இவருடையதா, பெற்றோருடையதா என்று கேட்கின்றனர். இருவருடையதும் அன்று என்று இயேசு விடையளிக்கிறார். பின்னர் அவர் பார்வை பெறுகிறார். சமயத் தலைவர்கள் அவரை இருமுறை அழைத்து விசாரிக்கின்றனர். பெற்றோர் அஞ்சி விலகிக்கொள்கின்றனர். தாம் அறிந்ததை அவர் மறுக்காமல் சொல்கிறார். முழுக்கப் பாவத்தில் பிறந்த நீ எங்களுக்குக் கற்பிப்பதா என்று ஏசி, அவரை வெளியே தள்ளுகின்றனர்.

விவிலிய ஆய்வாளர் இதில் இரண்டு செய்திகளைச் சுட்டுவார். முதலாவது, பழங்கிரேக்கப் படிகளில் இன்று நாம் காணும் நிறுத்தக்குறிகள் கிடையா. இயேசுவின் விடையில் ஒரு முற்றுப்புள்ளியை எங்கே இடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். ஒரு வகையில் வாசித்தால், கடவுளின் செயல் வெளிப்படுவதற்காகவே அவர் பார்வையின்றிப் பிறந்தார் என்றாகும். இன்னொரு வகையில் வாசித்தால், பிறப்புக்கான காரணம் தேடும் கேள்வியை இயேசு மறுத்துவிட்டு, செய்ய வேண்டிய பணியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார் என்றாகும். ஒரு புள்ளியின் இடத்தில் ஒரு மனிதரின் துன்பத்துக்கான விளக்கமே தங்கியிருக்கிறது.

இரண்டாவது செய்தி, வெளியே தள்ளப்படுதல் பற்றியது. 1968இல் ஜே. லூயிஸ் மார்ட்டின் எழுதிய நூலொன்று, தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பட்டறிவே இக்கதையில் பதிந்துள்ளது என்று வாதிட்டது. இக்கருத்தை ஏடல் ரைன்ஹார்ட்ஸ் போன்ற யூத ஆய்வாளர்கள் வலுவாக மறுத்துள்ளனர். யோவான் நற்செய்தி ‘யூதர்’ என்னும் சொல்லைக் கையாளும் விதம், ஐரோப்பாவில் யூத வெறுப்புக்கு எரிபொருளானது என்பதையும் நினைவூட்டுகின்றனர். நாம் இக்கதையைச் சாதியோடு பொருத்தி வாசிக்கும்போது இந்த எச்சரிக்கை இன்றியமையாதது. ஒடுக்கப்பட்ட ஒரு மக்களின் விடுதலை வாசிப்பு, வரலாற்றில் கொடுமைக்கு ஆளான இன்னொரு மக்களைக் குற்றவாளிகளாக்கக் கூடாது.

இறையியலாளரின் கேள்வி அடுத்து வருகிறது. பிறப்பில் பாவம் உண்டா? உண்டெனில் அது எல்லா மனிதர்க்கும் பொதுவானதா, சிலர்க்கு மட்டுமா? ஒருவரைப் ‘பாவத்தில் பிறந்தவர்’ என்று அழைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

சமய மெய்யியலாளர் இன்னும் ஆழமாகத் தோண்டுவார். துன்பம் என்பது முன்வினைக்கான கூலி என்னும் கொள்கை, சீடர்களின் கேள்வியிலும் இருக்கிறது. கர்மக் கோட்பாட்டிலும் இருக்கிறது. துன்புறுபவரையே குற்றவாளியாக்கும் ஒரு விளக்கம் அறநெறிப்படி நிற்குமா?

தலித் வாசகருக்கு இக்கதை விளக்கமின்றியே புரியும். பிறப்பைக் காரணமாக்கும் கேள்வி, அஞ்சி ஒதுங்கும் பெற்றோர், ‘நீ எங்களுக்குப் பாடம் சொல்வதா’ என்னும் ஏச்சு, ஊர்விலக்கு — இவற்றுள் எதுவும் அவருக்குப் புதிதன்று. மூன்று துறைகளும் தனித்தனியே தொட்டுச் செல்லும் இடங்களை இந்த நான்காவது வாசிப்பு ஒன்றாக இணைக்கிறது. ஆனால் அவ்வாசகருக்கு மாநாட்டு மேசையில் இருக்கை வேண்டும்.

அம்பேத்கர் வைத்த அளவுகோல்

இந்த மூன்று துறைகளையும் ஒருங்கே கையாண்ட ஒரு மேதை நம்மிடையே வாழ்ந்தார். அம்பேத்கரைச் சட்ட அறிஞராகவும் பொருளியல் அறிஞராகவும் அறிந்தவர்களுள் பலர், அவரைச் சமய மெய்யியலாளராக வாசிப்பதில்லை. அவர் வாழ்நாளில் அச்சேறாமல், 1987இல் அவருடைய தொகுப்பு நூல்களின் மூன்றாம் தொகுதியில் வெளிவந்த ‘இந்துமதத்தின் மெய்யியல்’ என்னும் எழுத்து முழுமையாக இத்துறையைச் சேர்ந்தது.

அதில் அவர் முதலில் சமய மெய்யியல் என்றால் என்ன என்று வரையறுக்கிறார். அதற்கு மேலைநாட்டுச் சமய மெய்யியலாளர்களைத் துணைக்கழைக்கிறார். பின்னர் ஒரு சமயத்தை மதிப்பிடும் அளவுகோல் எது என்று கேட்கிறார். நீதி, பயன் என்னும் இரண்டு சோதனைகளை முன்வைக்கிறார். நீதி என்பதைச் சுதந்திரம், சமத்துவம், உடன்பிறப்புணர்வு என்று பிரித்துக் காட்டுகிறார். கடவுள் உண்டா இல்லையா என்பதில் தொடங்கும் வழக்கமான சமய மெய்யியலிலிருந்து இது வேறுபட்டது. ஒரு சமயம் மனிதரை எப்படி நடத்துகிறது என்பதே இங்கு முதல் கேள்வி.

இந்த அளவுகோலை அவர் இந்து மதத்துக்கு மட்டும் வைக்கவில்லை. கிறித்தவத்துக்கு மாறிய தீண்டப்படாதோரின் நிலையைப் பற்றி எழுதியபோது, திருச்சபையின் போதனையையும் கடுமையாகச் சோதித்தார். இந்துவாக இருந்தபோது உன் இழிநிலைக்கு உன் கர்மம் காரணம் என்று கேட்டவர், கிறித்தவரான பின் மூதாதையின் பாவமே காரணம் என்று கேட்கிறார். இரண்டிலும் அவருக்குத் தப்பும் வழி இல்லை. சமூகம் செய்த கொடுமை கணக்கில் வரவே இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். யோவான் நற்செய்தியின் சீடர்கள் கேட்ட கேள்வியும் இதுவே. ஆதிப் பாவம் என்னும் கோட்பாட்டைச் சாதியின் நாட்டில் எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான கேள்வி எழுப்பப்பட்டதில்லை.

இருப்பினும், சமய மெய்யியலுக்கான உலகப் பொதுப் பாடத்தொகுப்புகளில் அம்பேத்கர் அரிதாகவே இடம்பெறுகிறார். ஜே. எல். மேக்கி 1955இல் எழுதிய கட்டுரையும், ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் அதற்கு அளித்த மறுமொழியும் தீமையின் சிக்கலைப் படிக்கும் மாணவருக்குத் தவறாமல் கிடைக்கின்றன. மனிதர்க்குத் தன்விருப்பம் இருப்பதால் தீமை நிகழலாம் என்னும் பிளான்டிங்காவின் வாதம் அளவையியல் நோக்கில் வலுவானது. ஆனால் பல தலைமுறைகளாகப் பிறப்பை வைத்துத் திட்டமிட்டு வகுக்கப்பட்ட ஒரு கொடுமையை, தனிமனிதர் விருப்பத்தின் பிழையாக மட்டும் விளக்க முடியுமா? அம்பேத்கரைப் படிக்காத வகுப்பறையில் இக்கேள்வி எழாது.

கடவுள் யார் பக்கம்?

துறைகள் மோதிக்கொள்வதால் விளையும் நன்மைக்குக் கறுப்பின இறையியலிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. 1969இல் ஜேம்ஸ் கோன் ‘கறுப்பு இறையியலும் கறுப்பு ஆற்றலும்’ என்னும் நூலை வெளியிட்டார். கடவுள் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கிறார் என்பது அவருடைய அடிப்படை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1973இல், வில்லியம் ஆர். ஜோன்ஸ் என்னும் கறுப்பின மெய்யியலாளர் ‘கடவுள் வெள்ளை இனவெறியரா?’ என்னும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். கடவுள் எம் பக்கம் என்கிறீர்கள். எம் மக்களின் நீண்ட துன்ப வரலாற்றில் அதற்கான சான்று எங்கே என்று கேட்டார். அதே வரலாற்றைப் பார்த்து, கடவுள் எமக்கு எதிரானவர் என்றும் ஒருவர் முடிவு செய்யலாமே என்றார். விடுதலையைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க முடியாது, அது மனிதர் பொறுப்பு என்னும் முடிவை நோக்கி அவர் வாதம் சென்றது.

இது பகைவரின் தாக்குதல் அன்று. அதே மக்களிலிருந்து வந்த ஒருவரின் கடுமையான, நேர்மையான சோதனை. இறையியலாளர்கள் அதற்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் சிந்தனை அதனால் கூர்மை பெற்றது.

தலித் இறையியலும் இத்தகைய சோதனையைச் சந்திக்க வேண்டும், சந்தித்தும் வருகிறது. நிர்மல், உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் வரும் பழைய அறிக்கையைத் தலித்துகளின் வரலாற்று அறிக்கையாக வாசித்தார். நாடோடியாக அலைந்த மூதாதையையும் அடிமைத்தனத்தையும் விடுதலையையும் நினைவுகூரும் பகுதி அது. ஏசாயா நூலின் துன்புறும் ஊழியரைக் கொண்டு, பிறர்க்குப் பணி செய்யும் கடவுளைத் தலித் கடவுள் என்றார். பின்வந்தோர் இதைக் கேள்விக்கு உட்படுத்தினர். எகிப்தை விட்டு வந்த கதையில் கானான் நாட்டின் மண்ணின் மக்கள் என்ன ஆனார்கள்? நூற்றாண்டுகளாக ஊழியம் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களுக்கு ‘ஊழியராகிய கடவுள்’ விடுதலை தருவாரா, பழைய நுகத்தைப் புனிதப்படுத்துவாரா? 2010இல் வெளிவந்த தம் நூலில் பெனியல் ராஜ்குமார், தலித் இறையியல் திருச்சபையின் நடைமுறையை ஏன் போதுமான அளவு மாற்றவில்லை என்று கேட்டார். தலித் பெண்களின் பட்டறிவு இந்த இறையியலில் உரிய இடம் பெறவில்லை என்னும் குற்றச்சாட்டும் உள்ளிருந்தே எழுந்தது.

இன்னொரு திசையில், நூலை விட்டு மக்களின் வழக்காறுகளை நோக்கிச் சென்றவர்களும் உண்டு. சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளிவந்த நூலில், தமிழ்நாட்டுப் பறையர் மக்களின் பறையை இறையியலின் மூலமாகவே கொண்டார். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தார். எல்லோரும் ஒரே உலையில் சமைத்துண்ணும் ‘ஒரு உலை’ என்னும் கருத்தைத் திருவிருந்தோடு இணைத்தார். சாதியின் முதல் எல்லை சோற்றுப் பானையில் தொடங்குகிறது என்பதை அறிந்த ஒருவரால்தான் அப்படிச் சிந்திக்க முடியும்.

வாதம் நீதிமன்றம் வரை செல்கிறது

இவையெல்லாம் அறிஞர்களின் உள்விவகாரம் என்று செயற்பாட்டாளர் ஒருவர் எண்ணலாம். அப்படி எண்ணுவதற்கு இடமில்லை.

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவ, இசுலாமியத் தலித்துகள் இன்றும் வெளியே நிற்கின்றனர். இந்தத் தடைக்குப் பின்னால் ஓர் இறையியல் ஊகம் இருக்கிறது: கிறித்தவத்தில் சாதி இல்லை, ஆகவே மதம் மாறியவரிடம் சாதி இல்லை என்பதே அது. ஒரு கோட்பாடு எதைப் போதிக்கிறது என்பதையும், ஒரு சமூகம் எப்படி வாழ்கிறது என்பதையும் ஒன்றாகக் குழப்பிய ஊகம்.

1985இல் சூசை எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையில் செருப்புத் தைக்கும் தொழில் செய்த ஒருவர், கிறித்தவர் என்பதால் அரசின் நலத்திட்டம் மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கு அது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. சாதியால் விளையும் இழிவுகளும் தடைகளும் புதிய சமயச் சூழலிலும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அதற்குரிய ஆதாரபூர்வமான விரிவான ஆய்வு தன் முன் வைக்கப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

இதைக் கவனிக்க வேண்டும். ஆய்வு இல்லை என்பது ஒரு மக்களின் உரிமை மறுக்கப்படுவதற்கான காரணமாயிற்று. அறிஞர் அவைகளில் எந்தக் கேள்வி ஆய்வுக்குரியதாக ஏற்கப்பட்டது, எது ஒதுக்கப்பட்டது என்பது ஒருவரின் வயிற்றுப்பாட்டோடு தொடர்புடையது.

இதற்கிடையில் சான்றுகள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர், திருவிழாத் தேர் நுழையாத தெரு, தனித்தனி இருக்கை வரிசை ஆகியவை தமிழ்நாட்டுக் கிறித்தவர்க்குத் தெரியாதவை அல்ல. 2008 மார்ச்சில் எறையூரில், தலித் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப்பங்கு கேட்டதைத் தொடர்ந்து வன்முறையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. 2009 மார்ச்சில் பாங்காக்கில் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் தலித்துகளுக்கான நீதி குறித்து நடத்திய மாநாடு, இதை உலகத் திருச்சபையின் கடமையாக முன்வைத்தது. 2022 அக்டோபரில், மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தபோது, பழைய கேள்வியே மீண்டும் மேசைக்கு வந்தது.

வாசலில் நிற்கும் தடைகள்

மாநாட்டு அரங்கின் வாசல் எல்லோர்க்கும் திறந்திருப்பதாகவே அறிவிப்புகள் சொல்லும். உள்ளே செல்வதற்கான விலை வேறு.

உறுப்பினர் கட்டணம், பதிவுக் கட்டணம், பயணச் செலவு, தங்கும் செலவு என்பன முதல் தடை. வெளிநாட்டு மாநாடெனில் விசாவும் சேரும். இரண்டாவது தடை மொழி. ஆங்கிலம் அறிவதோடு, ஆய்வுலகத்துக்கே உரிய ஆங்கில நடையையும் அறிந்திருக்க வேண்டும். கட்டுரைச் சுருக்கம் எப்படி எழுதுவது, எந்த ஆய்வாளரைச் சுட்ட வேண்டும், எந்தச் சொல் இப்போது வழக்கில் இருக்கிறது என்பன ஏட்டில் எழுதப்படாத விதிகள். வழிகாட்டும் ஆசிரியர் உள்ளவர்க்கே அவை கிட்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அவை மூடிய கதவு.

மூன்றாவது தடை நுட்பமானது. தலித் ஆய்வாளர் அழைக்கப்படுவார். ஆனால் ‘தலித் அமர்வு’ ஒன்றுக்கு மட்டும். மூவொரு கடவுள் கோட்பாடு பற்றியோ கிரேக்க இலக்கணம் பற்றியோ தீமையின் அளவையியல் பற்றியோ பேச அவர் அழைக்கப்படமாட்டார். மற்றவர்கள் கோட்பாடு பேச, அவர் தம் துன்பத்தை மட்டும் சான்றாக வழங்க வேண்டும். அந்த அமர்வுக்கு ஒதுக்கப்படும் அறை சிறியதாகவும் நேரம் நாளின் கடைசியாகவும் இருப்பதைப் பார்த்தவர் பலர். சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே வரைபடம், நிகழ்ச்சி நிரலிலும் வரையப்படுகிறது.

தலித் இறையியலைத் தலித்துகளே உருவாக்க வேண்டும் என்று நிர்மல் வலியுறுத்தியதன் பொருளை இங்கேதான் காண வேண்டும். பிறர் பேசக் கூடாது என்பது அவர் கவலையன்று. பேசப்படும் பொருளாக மட்டும் இருந்தவர்கள், கேள்வியை வகுப்பவர்களாக மாற வேண்டும் என்பதே அது.

செய்ய வேண்டியவை

மாணவர்களாலும் இயக்கங்களாலும் இதில் செய்யக்கூடியவை பல உள்ளன.

ஒரு மாநாட்டின் அழைப்பு வெளியானதும் அதன் தலைப்புகளைப் படித்து, சாதி எங்கே இருக்கிறது என்று அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேட்கலாம். அழைப்பை வகுக்கும் குழுவிலும் கட்டுரைகளைத் தேர்வு செய்யும் குழுவிலும் தலித் ஆய்வாளர்கள், குறிப்பாகப் பெண்கள், இருக்க வேண்டும் என்று வலியுறுத்தலாம். மேடையில் ஒரு இருக்கையைவிட இக்குழுவில் ஒரு இருக்கை மதிப்புமிக்கது.

நம் ஊர்களில் நடக்கும் மாநாடுகளில் தமிழில் கட்டுரை படிக்கும் உரிமையைக் கேட்டுப் பெறலாம். மூத்த மாணவர்கள் கட்டுரைச் சுருக்கம் எழுதும் பயிற்சியை இளையோர்க்கு ஒரு மாலைப்பொழுதில் கற்பித்துவிட முடியும். மெய்யியல் துறை மாணவர்கள் அம்பேத்கரைச் சமய மெய்யியல் தாளில் சேர்க்கக் கோரலாம். இறையியல் மாணவர்கள் சாதி பற்றிய களஆய்வு முறைகளைக் கற்கலாம். களத்தில் பணியாற்றுவோர், கல்லறைச் சுவர் முதல் தேர்த்தடை வரை தாம் கண்டவற்றை நாள், இடம், சாட்சியத்தோடு பதிவு செய்து ஆய்வாளர்களிடம் சேர்க்கலாம். 1985இல் நீதிமன்றம் இல்லை என்று கூறிய ஆய்வு, இப்படித்தான் உருவாகும்.

அமைப்பாளர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தலித் அமர்வு ஒன்றை நிரலில் சேர்த்ததோடு கடமை முடிந்துவிடாது. படைப்பு, பாவம், திருவிருந்து, தீமை என எந்தப் பொருளில் நடக்கும் அமர்விலும் சாதியைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும் என்று கட்டுரையாளர் ஒவ்வொருவரும் எதிர்பார்த்து வரும் நிலையை அவர்கள் உருவாக்க வேண்டும்.

யோவான் நற்செய்தியின் அந்த மனிதருக்கு அதிகாரத்தின் முடிவு வரை பெயர் கிடையாது. அவர் பிறப்பைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். சீடர்கள் அவர் காதுபடவே அவருடைய பாவத்தை விவாதிக்கின்றனர். சட்ட வல்லுநர்கள் அவரை விசாரிக்கின்றனர். அவர் தாமாகப் பேசத் தொடங்கியதும் கூட்டம் கலைகிறது. அவர் வெளியே தள்ளப்படுகிறார். இன்று நடக்கும் ஒவ்வொரு மாநாட்டிலும் அவர் இடம் எது என்று கேட்போம்: விவாதிக்கப்படும் பொருளா, விசாரிக்கப்படும் சாட்சியா, அல்லது கேள்வியை வகுக்கும் அறிஞரா?